நெஞ்சு படபடப்பது பலவீனமா?



"பட்டாசுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது மிஸ். எனக்கு மட்டும் ஏன் இப்படி?" அப்புத்தளைத் தோட்டங்களில் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கே போரில் எல்லாவற்றையும் இழந்து உறவினரிடம் திரும்பியவர்கள் இவர்களில் உண்டு. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் நடந்த படுகொலையை மறக்காத தாய்மாரும் உண்டு.

வீட்டில் இவர்களைப் 'பயந்தாங்கொள்ளி' என்கிறார்கள். சிலர் பேய்க்குணம் என்று மந்திரிக்கவும் கூட்டிப் போகிறார்கள். இது பேயுமல்ல, பலவீனமுமல்ல. நரம்புகள் செய்யும் வேலை.

இருதயத்தின் சாரதி

இருதயம் தானாகவே துடிக்கக்கூடியது. ஆனால் அதன் வேகத்தை மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம், நாம் நினையாமலே, இரண்டு வகை நரம்புகளால் கட்டுப்படுத்துகிறது. பெரகலையிலிருந்து மலையேறி வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பரிவு நரம்பு வேகத்தைக் கூட்டும் மிதி. வேகஸ் எனப்படும் பரபரிவு நரம்பு பிரேக்.

கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. குந்தியிருந்து எழும்பும்போது பிரஷர் சற்று இறங்கினால், உடனே மூளைக்குச் செய்தி போகும். சில விநாடிகளில் இருதயம் விரைந்து, இரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் சீராகும். அது தாமதித்தால்தான் தலை சுற்றுகிறது.

ஆபத்து என்று மூளை கருதினால் அதிரினல் சுரப்பியும் சேர்ந்துகொள்ளும். இருதயம் பலமாக அடிக்கும், பிரஷர் ஏறும். செல் விழுந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓட உதவியது இதுதான். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. சிலருடைய உடம்போ இன்னும் காவலை விடவில்லை.

பிரேக்கை நாமும் அழுத்தலாம்

மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இருதயத்தின் வேகத்தைக் குறைக்கும். ஐந்து நிமிடம் செய்தால் போதும். நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவதும் உதவும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

பிரஷர் சத்தம் போடாது

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். படபடப்பு வேறு, பிரஷர் நோய் வேறு. படபடப்பை நாம் உணர்வோம். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நான் சந்தித்த ஓர் அக்கா, படபடப்பு நின்றதும் பிரஷர் குளிசையையும் நிறுத்திவிட்டார். சில மாதங்களில் பாரிசவாதம் வந்தது. கொழுந்து பறித்த வலது கை இன்று பிடவை உடுக்கவும் உதவுவதில்லை.

ஆகவே:

* அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷரை இலவசமாக அளந்து பாருங்கள். அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.
* திரும்பத் திரும்ப அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியம் தேவை.
* வைத்தியர் சொல்லாமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.
* ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நில்லுங்கள். தேத்தண்ணியில் போடும் உப்பும் இதில் சேரும்.
* நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை சோர்வு வந்தால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.

குடும்பத்துக்காக ஓடிய இருதயம் இது. மாதத்தில் ஒரு காலைப் பொழுதையாவது அதற்காக ஒதுக்குவோம்.