வானுக்கு வேலி எங்கே?

ஆம்பூரில் தைத்த காலணிகளுடன் ஒரு சரக்கு விமானம் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். கால அட்டவணைப்படி செல்லும் விமானமாயின், வழியிலுள்ள நாடுகளின் அனுமதியின்றி அவற்றின் மேல் பறக்க இயலாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள காற்றுவெளியில் முழு ஆட்சியுரிமை உண்டு என்கிறது, 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை.

இனி, ஜவ்வாது மலையில் வானாய்வு நிலையம் உள்ள காவலூருக்கு வாருங்கள். அந்தி மறைந்ததும் ஓர் ஒளிப்புள்ளி வானில் நகரக்கூடும். அது சர்வதேச விண்வெளி நிலையமாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் செல்லும் அது, ஆம்பூரிலிருந்து வேலூர் வரையுள்ள தொலைவை ஏறக்குறைய 7 விநாடிகளில் கடந்துவிடும். அதற்கு நம் அனுமதி தேவையில்லை! விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967ஆம் ஆண்டின் உடன்படிக்கை கூறுகிறது. இந்தியாவும் 1982இல் அதை உறுதிசெய்து ஏற்றது.

அப்படியானால் நம் வான் எந்த உயரத்தில் முடிகிறது? வியப்பு என்னவென்றால், இவ்விரு உடன்படிக்கைகளிலும் அதற்கு விடை இல்லை.

இயற்கையே கோடு கிழித்திருக்கிறதா என்று பார்க்கலாம். காற்று திடீரென முடிவதில்லை. மேலே செல்லச் செல்ல மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கை தாங்க வேண்டுமானால் விமானம் மேலும் விரைந்து செல்ல வேண்டும். ஓர் உயரத்தில் அதற்குத் தேவையான வேகம், பூமியைச் சுற்றிவரப் போதுமான வேகத்தையே எட்டிவிடும். பிறகு இறக்கை எதற்கு? தியோடர் வான் கார்மான் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் கார்மான் கோடு இக்கருத்தில் பிறந்ததே. சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச வான்பயணச் சம்மேளனம் அதை 100 கி.மீ. என வைத்துக்கொண்டது. அமெரிக்க விமானப்படையோ 80 கி.மீ. தாண்டியவரையே விண்வெளி வீரர் என்றது. இரண்டும் வசதிக்காகக் கொண்ட அளவுகள். உலகச் சட்டம் அல்ல.

கடல் மட்டத்திலிருந்து 100 அல்லது 110 கி.மீ.க்கு மேல் விண்வெளி எனக் கொள்ளலாம் என்று 1979இல் சோவியத் யூனியன் ஐ.நா. குழுவில் கூறியது. அமெரிக்கா உடன்படவில்லை. உயரம் முக்கியமன்று, கலத்தின் வேலையே முக்கியம் என்பாரும் உண்டு. வாதம் இன்றும் ஓயவில்லை.

நாளை ஓர் அயல்நாட்டுக் கலம் பாலாற்றுக்கு மேல் 90 கி.மீ. உயரத்தில் சறுக்கிச் சென்றால்? விமானமெனில் நாம் தடுக்கலாம். விண்கலமெனில் அதற்குத் தடையில்லை. எது என்று தீர்க்க உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இன்னும் இல்லை.