நிமிஷத்துக்கு ஒரு கேள்வி!

ஆலங்குளத்துத் திண்ணையில் அம்மா பீடி சுற்றுகிறாள். மகள் பக்கத்தில் நீட் பரீட்சைக்குப் படிக்கிறாள். 2025 முதல் 180 கேள்விகள், 180 நிமிஷங்கள்! சரியான விடைக்கு 4 மார்க். தப்பானால் 1 போச்சு.

"தெரியாததைத் தொடாதே" என்று பலர் மிரட்டுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லையே! குருட்டாம்போக்கில் நாலு கேள்விக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று பலிக்கும், மூன்று தவறும். 4 வந்து 3 போனாலும் மிச்சம் 1. ஒவ்வொன்றிலும் நிச்சயமாகத் தப்பான ஒரு விடையைக் கழித்துவிட்டாலோ, மூன்று கேள்விக்கே மிச்சம் 2!

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாநில இடங்களில் 2020 முதல் 7.5 சதவீதம் உண்டு. அங்கே ஒரு மார்க்கும் பெரிசுதான். கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். பரீட்சையன்று கேட்டால் கிடைக்காது.