ஒரே புகார், மூன்று எஞ்சின்

"செல்ஃப் சுத்துது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகல." ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கும் புகார் இது. "பம்ப்பைக் கழற்று" என்று நாம் உடனே ஆரம்பித்துவிடுகிறோம். பல சமயம் பம்ப் மேல் குற்றமே இருக்காது; செலவு மட்டும் வண்டிக்காரர் தலையில் விழும். அமெரிக்காவில் கனமான டிரெய்லர் இழுக்க வாங்கும் மூன்று டீசல் பிக்கப் டிரக்குகளை வைத்து இதை விளக்குகிறேன்.

முதலில் திறன். 1989-ல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் எஞ்சின் வந்தது. 5.9 லிட்டர், நேர்வரிசையில் 6 சிலிண்டர், 160 குதிரைத்திறன், சுமார் 542 நியூட்டன் மீட்டர் டார்க். 1994-ல் ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி-8 வந்தது: 210 குதிரைத்திறன், 576 நியூட்டன் மீட்டர். 2001 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் ட்யூராமேக்ஸ் வி-8: 300 குதிரைத்திறன், 705 நியூட்டன் மீட்டர்.

நின்ற பாரத்தை அசைக்க டார்க் வேணும். அதே பாரத்தோடு மேட்டில் வேகம் குறையாமல் ஏற குதிரைத்திறன் வேணும். ஃபோர்டைவிடச் சின்ன எஞ்சினான ட்யூராமேக்ஸ் இரண்டிலும் முந்துகிறதே, எப்படி? டீசலை அதிக அழுத்தத்தில், அளந்து செலுத்தும் முறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த முறை மாறும்போது பழுது தேட வேண்டிய இடமும் மாறிவிடுகிறது.

டாட்ஜில் இருந்தது முழுக்க மெக்கானிக்கல் பம்ப். ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஷட்-ஆஃப் சொலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா, பம்ப்புக்கு டீசல் வருகிறதா, லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்ட் லாம்பும் ஸ்பேனரும் போதும்.

ஃபோர்டில் இன்ஜெக்டரை இயக்குவதே எஞ்சின் ஆயில்தான்! ஸ்டார்ட் ஆக, தனி உயர் அழுத்த பம்ப் ஆயிலைச் சுமார் 35 பார் அழுத்தத்துக்குக் கொண்டுவரணும். ஆகவே முதல் வேலை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுபோனால் கேம்ஷாஃப்ட் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

ட்யூராமேக்ஸ் காமன் ரெயில் வகை. ரெயிலில் அழுத்தம் 1,600 பார் வரை ஏறும். இன்ஜெக்டர் உள்ளே கசிந்து டீசல் ரிட்டர்னில் ஓடிவிட்டால் அழுத்தம் ஏறாது. பம்ப் நன்றாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாது. எனவே ரிட்டர்ன் அளவை அளந்து பார்க்கணும். இந்த மாடலில் டேங்க் பக்கம் ஃபீட் பம்ப்பும் கிடையாது. பம்ப் தானே உறிஞ்சி இழுக்கிறது. ஃபில்டர் பக்கம் சின்ன இடைவெளி இருந்தாலும் காற்று புகுந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்ப்போம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரிடலாம்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்போம். டீசலுக்கு அழுத்தம் கொடுப்பது எது? அது வேலை செய்ய என்னென்ன வேணும்? எப்போது செலுத்தணும் என்று சொல்வது எது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால், எந்தக் கம்பெனி வண்டி வந்து நின்றாலும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நமக்குத் தெரியும்.