பாலத்தின் நடுவில் ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டில் முதல் அலாரம் காலை 4 மணிக்கு அடிக்கும். அது தம்பிக்கு. அடுத்தது 4.30க்கு, எனக்கு. அவன் தம்போயிலிருந்து மோட்டாரில் உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்குக் கிளம்புவான். நான் வானொலி நிலையத்துக்கு. 6 மணிச் செய்தியில் "ஜோகூர் கடற்பாலத்தில் நெரிசல்" என்று நான் வாசிக்கும்போது சில நாள்களில் அந்த நெரிசலுக்குள்ளேயே அவன் நின்றுகொண்டிருப்பான்.

அண்மையில் ஒரு ஞாயிறு பசியாறும்போது கேட்டான்: "ஏங்கா, இந்த ஆர்டிஎஸ் ரயில் 2024-லயே ஓடியிருக்கணுமே? யார்தான் கோட்டை விட்டது?"

"யாரும் கோட்டை விடல தம்பி, நிறுத்தி யோசிச்சாங்க" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்கு விளக்கப்போய் நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், அப்போது வேலை பார்த்த இடத்தில், தீபாவளிக்குத் திறந்தவெளிக் கலைநிகழ்ச்சி ஒன்றைப் பொறுப்பெடுத்து நடத்தினேன். நான்கு பாடகர் என்று தொடங்கியது ஒன்பது ஆனது. ஒவ்வொருவரையும் சேர்த்தபோது "இது ஒண்ணுதானே" என்றோம். மேடை பெரிதானது, மின்சாரம் போதாமல் இன்னொரு ஜெனரேட்டர் வந்தது. அக்டோபர், நவம்பரில் ஜோகூரில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழை பெய்தால் என்ன செய்வது, யார் முடிவெடுப்பது என்று ஒருவரும் பேசவில்லை. மழை வந்தது. நனைந்த நாற்காலியில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த அவமானத்தில்தான் திட்ட நிர்வாக வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தது 'பிரின்ஸ்2' என்ற முறை. 1989-ல் பிரிட்டிஷ் அரசு தன் கணினித் திட்டங்களுக்காக ஏற்றுக்கொண்ட முறையை விரித்து, எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும்படி 1996-ல் வெளியிட்டார்கள். ஏழு கோட்பாடு, ஏழு செயல்முறை என்று புத்தகம் தடிமனாகத்தான் இருக்கும். முதல் நாள் தூக்கம் வந்தது, மறைக்க மாட்டேன்.

என்னை நிமிர வைத்தவை இரண்டு மூன்று விஷயங்கள். வேலையைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் 'இது இன்னும் செய்யத் தகுந்ததுதானா?' என்று கேட்க வேண்டும். 'இல்லை' என்று பதில் வந்தால் நிறுத்துவதும் சரியான முடிவே. அடுத்தது, பணத்திலும் நாளிலும் எவ்வளவு கூடக் குறையப் போகலாம் என்று முன்கூட்டியே எல்லை போட்டுவிட வேண்டும். எல்லைக்குள் இருக்கும்வரை பொறுப்பாளர் தானே முடிவெடுப்பார். தாண்டும் என்று தெரிந்த உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். தாண்டிய பிறகல்ல.

அடுத்த நிகழ்ச்சியில் இதையே செய்தேன். ஆயிரம் ரிங்கிட் வரை கூடினால் நான் முடிவெடுப்பேன், அதற்கு மேல் மேலாளர். பத்து நாளுக்கு முன் ஒரு கூட்டம்: திடலா, மண்டபமா? மண்டபம் என்று முடிவானது. இரண்டு பாடகர்களுக்கு வருத்தம்தான். அன்றைக்கும் மழை பெய்தது, உள்ளே யாருக்கும் தெரியவில்லை.

இனி தம்பியின் ரயிலுக்கு வருவோம். ஆர்டிஎஸ் திட்டக்காரர்கள் எந்தப் புத்தகத்தை வைத்து வேலை செய்கிறார்கள் என்பதல்ல என் பேச்சு. நடந்ததை அந்த வகுப்பின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், அவ்வளவுதான்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் சுமார் 4 கிலோமீட்டர் பாதை. ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். 2018 ஜனவரியில் ஒப்பந்தம், 2024 இறுதியில் ரயில் என்பதுதான் முதல் கணக்கு. ஆட்சி மாறியது. 2019 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தி வைத்து மறு ஆய்வு செய்தார்கள். நிறுத்தியதற்காகச் சிங்கப்பூருக்கு 6 லட்சம் வெள்ளி கொடுத்தோம். அந்த ஆண்டு அக்டோபர் 31-ல், திட்டம் தொடரும், 493 கோடி ரிங்கிட் செலவு 316 கோடியாகக் குறையும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். சிங்கப்பூரின் எம்ஆர்டி வகை ரயிலுக்குப் பதில் எல்ஆர்டி வகை வந்தது. பணிமனை இந்தப் பக்கம் வாடி ஹானாவுக்கு மாறியது. ரயில் ஓடும் நாள் 2026 இறுதி என்று ஆனது.

அதே காலத்தில் கோலாலம்பூர் - சிங்கப்பூர் அதிவேக ரயிலும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் மலேசியா கேட்ட மாற்றங்களுக்கு இரு நாடுகளும் உடன்படவில்லை. 2020 டிசம்பர் 31-ல் ஒப்பந்தம் காலாவதியானது. சிங்கப்பூருக்கு 10.28 கோடி வெள்ளிக்கும் மேல் இழப்பீடு கொடுத்தோம். ஒரே கேள்வியை இரண்டு ரயிலிடமும் கேட்டார்கள். ஒன்று பிழைத்தது, மற்றது போனது. கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தால் தொகை இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும்? அதனால்தான், நிறுத்தி யோசித்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

2020 ஜூலை 30-ல் கடற்பாலத்தின் நடுவில் ஆர்டிஎஸ் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது நோய்த்தொற்றால் எல்லை மூடிக் கிடந்தது. தம்பி சிங்கப்பூரில் ஒரு விடுதி அறையில் மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. இரு பிரதமர்களும் காலியான பாலத்தில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மா சொன்னது: "அவங்க நிக்கிற இடத்துல இருந்து அவன் வீட்டுக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்?"

தம்பியின் கோபம் எனக்குப் புரிவது இந்த இடத்தில்தான். 177 கோடி ரிங்கிட் மிச்சம் என்று கணக்கு சொல்கிறது. கூடுதலாகப் போன இரண்டு ஆண்டுகளுக்கு அவனும் அவனைப் போன்றவர்களும் புகையில் நின்ற காலைகள் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டன? அந்த முறையிலேயே இதற்கும் ஒரு இடம் உண்டு. திட்டக் குழுவில் மூன்று குரல் இருக்க வேண்டும் என்பார்கள்: பணம் போடுபவர், செய்து கொடுப்பவர், பயன்படுத்தப் போகிறவர். என் தீபாவளி மேடையில் மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே மழையைப் பற்றிக் கேட்டிருப்பார்.

2024 ஜனவரி 11-ல் நீரிணைக்கு மேல் இரு பக்கப் பாலமும் இணைந்தது. அதற்குப் பிறகு ஒரு மாலை தம்பியைப் புக்கிட் சாகார் பக்கம் கூட்டிப்போனேன். தூண்களை அண்ணாந்து பார்த்தான். நான் குடிநுழைவு, எல்ஆர்டி என்று விளக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்:

"சரிக்கா, மோட்டார எங்க நிறுத்துறது?"

திங்கட்கிழமை நிகழ்ச்சிக்கான குறிப்பேட்டில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.