வீட்டு நெட் யார் பெயரில் இருக்கிறது?

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, ஊடக அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸார் நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையில் வேறு யாரோ புகுந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் அவர் விசாரணையில் சிக்கி, நாடறிந்த செய்தியாகிவிட்டார்.

போலீஸாருக்கு வழிகாட்டியது ஐபி முகவரி. வீட்டிலுள்ள செல்போன், டிவி, லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை ரவுட்டர் கொடுக்கிறது. வெளியுலகுக்கு அவை தெரியாது. ரவுட்டரின் முகவரி ஒன்றுதான் தெரியும். பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியை இணைய நிறுவனம் பங்கிட்டாலும், எந்த நேரத்தில் எந்த இணைப்பு அதைப் பயன்படுத்தியது என்ற பதிவு இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் செய்த காரியமானாலும், முதலில் கேள்வி கேட்கப்படுவது பில் யார் பெயரில் வருகிறதோ அவரைத்தான்.

ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு இரண்டு உண்டு. இதைப் பலரும் அறிவதில்லை. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. இன்னொன்று ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழைவதற்கு. பெட்டியைத் திருப்பினால் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற எண்ணும், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். பல மாடல்களில் இரண்டுமே ‘அட்மின்’தான். கனெக்‌ஷன் போட வந்தவர் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த அலட்சியத்தின் விலையை 2016 அக்டோபர் 21 அன்று உலகமே பார்த்தது. மிராய் என்ற தீநிரல், ஆலை வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றைப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியிருந்தது. அவை ஒரே நேரத்தில் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கும் திறக்காமல் போயின.

டிஎன்எஸ் என்பது செல்போனின் தொடர்புப் பட்டியல் மாதிரி: தளத்தின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும். அந்தப் பட்டியலையே மாற்றிவிட்டால்? 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அம்பலப்படுத்திய டிஎன்எஸ் சேஞ்சர் கும்பல் அதைத்தான் செய்தது. சுமார் 40 லட்சம் கணினிகள், பெரும்பாலும் எஸ்தோனியர்களைக் கொண்ட அந்தக் கும்பலின் பிடியில் இருந்தன. சரியான முகவரியைத் தட்டியும் போலித் தளத்தில் போய் நிற்பது எவ்வளவு பயங்கரம் என்று வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-இல் வைத்து, பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். ரவுட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. விருந்தாளிகளுக்குத் தனியாக ‘கெஸ்ட்’ வைஃபை போதும்.

வேகக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட்; எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு ஜிபி படம் இறங்க ஏறத்தாழ 80 நொடி ஆகும். டேட்டா வரம்பு தீர்ந்தபின் கிடைக்கும் வேகம் என்ன என்று பணம் கட்டுமுன் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023-இல் வரையறுத்திருக்கிறார்கள்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் போன் பேச்சு பிறகு எதற்கும் உதவாது. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. ஆனால் தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது; ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணைய மோசடியில் பணம் பறிபோனால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிநேரத்திலேயே, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.