இடைவெளியில் நிற்பவர்கள்

தற்கொலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் உடனே போய் நிற்கும் இடம், மனநல மருத்துவர்களின் பற்றாக்குறை. அதில் பிழையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. ஆனால், நாளைக்கே மருத்துவர்கள் பல மடங்கு பெருகினாலும் அவர்களால் எட்ட முடியாத இரண்டு இடைவெளிகள் மிச்சமிருக்கும். முதலாவது, எண்ணம் தீவிரமாவதற்கும் செயலில் இறங்குவதற்கும் நடுவிலுள்ள சில நிமிடங்கள். இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் வரைக்குமான வாரங்கள். இந்த இரண்டு இடங்களிலும் நிற்கக்கூடியவர், பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வலர். சில சமயம், அதே துன்பத்தைக் கடந்து வந்த ஒரு சகமனிதர். அவர் மருத்துவருக்கு மலிவான மாற்று அல்லர். அவர் செய்வது வேறொரு வேலை. அந்த வேலை பலிக்கிறதா, எப்போது பலிக்காமல் போகிறது என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

முதல் இடைவெளி எவ்வளவு குறுகலானது என்பதை ஆஸ்திரியாவில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 82 பேரிடம், அந்த எண்ணம் வந்ததற்கும் முயற்சிக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் பதில்: பத்து நிமிடம், அல்லது அதற்கும் குறைவு. அந்த நிமிடங்களைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையை ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அப்போது உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். ‘சாக முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது’ என்று நாம் சொல்லிக்கொள்வது பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணமும் வாழ வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனதில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நேரம் அது. அந்த நேரத்தைக் கடத்திவிடுவதே பாதி உதவி. இரண்டாவது இடைவெளி நீண்டது, ஆனால் அதே அளவு ஆபத்தானது. மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களில் தற்கொலை விகிதம், பொது மக்களிடையே இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் அலசல் கணக்கிட்டது. குணமாகிவிட்டார் என்று குடும்பம் மூச்சுவிடும் காலமும் அதுதான்.

தன்னார்வலர்களின் பங்கு தற்செயலாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1953 நவம்பரில் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவருக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக உட்கார்ந்திருக்கச் சிலர் முன்வந்தார்கள். அவர்களுக்கு உளவியலும் தெரியாது, இறையியலும் தெரியாது. ஆனால், காத்திருப்பு அறையிலேயே மனதைக் கொட்டித் தீர்த்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று பலர் எழுந்து போவதை வாரா கவனித்தார். 1954 பிப்ரவரியில் அழைப்புகளை ஏற்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அப்படி உருவான ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பின் வழியில் 1974இல் இலங்கையில் ‘சுமித்ரயோ’வும், 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’வும் வந்தன.

வாரா கண்டது அனுபவம். அதை ஆய்வாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ. 1969இல் தொடங்கிய அவரது ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் தொடர் சிகிச்சையை மறுத்தோ கைவிட்டோ போன 843 பேர் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஐந்தாண்டுகளுக்கு, ஒரு சின்னக் கடிதம் போனது. நலமா என்ற விசாரிப்பும், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற வரியும்தான் அதில் இருந்தன. அறிவுரை கிடையாது, மருத்துவமனைக்கு வரச்சொல்லும் வற்புறுத்தல் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தக் குழுவில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. இதைவிட அழுத்தமான சான்று சென்னையும் கொழும்பும் இடம்பெற்ற உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் கிடைத்தது. பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை வீட்டுக்குப் போயோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும். 2008இல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிப்பு பெற்றவர்களில் 0.2 சதவீதத்தினர்.

அந்த ஆய்வில் விசாரித்தவர்கள் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் போன்றோர். அதைத் தன்னார்வலர்களும் செய்ய முடியுமா என்பது நியாயமான அடுத்த கேள்வி. தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில் லட்சுமி விஜயகுமாரின் குழு இதைச் சோதித்தது. பயிற்சி பெற்ற சமூகத் தொண்டர்கள் தொடர்ந்து தொடர்பில் இருந்ததோடு, ஒரு பாதுகாப்புத் திட்ட அட்டையையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முகாமைவிட இந்த முகாமில் தற்கொலை முயற்சிகளும் இறப்புகளும் குறைந்தன. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பதினான்கு பாட்டிமார்களைக் கொண்டு இதே திசையில் ஒரு முயற்சியைத் தொடங்கியிருந்தார். பேருந்துக் கட்டணத்துக்குப் பணமில்லாமல் தன்னிடம் வர முடியாத ஒரு நோயாளி இறந்துபோனதே அவரை அதற்குத் தள்ளியது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் பாட்டியும், மனம் நொந்து வந்தவரும். 573 பேரை வைத்து நடந்த சோதனையில், ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. இங்கிலாந்தில், மனநோயின் நெருக்கடியைத் தாங்களே கடந்து வந்தவர்கள், அப்போதுதான் நெருக்கடிச் சிகிச்சை முடித்தவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். 441 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர சிகிச்சைக்குத் திரும்பியவர்கள் இந்தக் குழுவில் 29 சதவீதம். மற்ற குழுவில் 38 சதவீதம். இவர்கள் ஊதியம் பெற்றவர்கள், தன்னார்வலர்கள் அல்லர். ஆனால், பட்டத்தைவிடப் பட்ட அனுபவமே அவர்களுடைய தகுதியாக இருந்தது.

இந்தத் தன்னார்வலர்களும் சகமனிதர்களும் அப்படி என்னதான் செய்கிறார்கள்? முதலில் கேட்கிறார்கள், சுற்றி வளைக்காமல்: “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?” பதில் வரும்வரை காத்திருக்கிறார்கள். ‘உனக்கென்ன குறைச்சல்’ என்று சொல்வதில்லை. பிள்ளைகளின் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வதுமில்லை. ஏற்கெனவே குற்றவுணர்வில் குமைபவருக்கு அந்த வார்த்தைகள் இன்னொரு சுமை. பிறகு இருவரும் சேர்ந்து திட்டம் எழுதுகிறார்கள். பார்பரா ஸ்டான்லியும் கிரிகோரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே ஒரு தாளில் அடங்கிவிடும். எனக்கு மோசமான நேரம் வரப்போகிறது என்பதற்கு என்ன அறிகுறி? அப்போது நான் தனியாகவே செய்யக்கூடியது என்ன? கவனம் திரும்ப யாரோடு இருக்கலாம், எங்கே போகலாம்? யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம்? எந்த மருத்துவர், எந்த எண்? வீட்டிலிருந்து எந்தப் பொருளை, யார் பொறுப்பில், எங்கே அப்புறப்படுத்துவது? ‘நண்பர்களிடம் பேசுவேன்’ என்று எழுதினால் போதாது. பக்கத்துத் தெரு அக்காவின் பெயரும் எண்ணும் தாளில் இருக்க வேண்டும். தவிப்பில் இருக்கும் மனதால் புதிதாக யோசிக்க முடியாது. முன்பே யோசித்து வைத்ததை வாசிக்க முடியும். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தத் தாளைத் தொடர் தொலைபேசி விசாரிப்போடு சேர்த்துக் கொடுத்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தை 45 சதவீதம் குறைந்திருந்தது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாதா என்ற பயம் படித்தவர்களிடமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதை நேரடியாகச் சோதித்தார்கள். தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களிடம் மற்றவர்களைவிட மனத் துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்களுக்குக் கேள்வியே ஓரளவு ஆறுதலாக இருந்தது.

பயிற்சி இல்லாதவர் கெடுதல் செய்துவிடுவார் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. கனடாவின் பிரையன் மிஷாரா குழுவினர் அமெரிக்காவின் 14 உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகளை உடனிருந்து கேட்டார்கள். பாதி நெருக்கடி அழைப்புகளில், தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கவே இல்லை. ஆக, கவலை ஆதாரமற்றதல்ல. ஆனால், கோளாறு இருந்தது சம்பளமில்லாததில் அல்ல. தன்னார்வலர்களையும் ஊதியம் பெறும் பணியாளர்களையும் அதே குழு ஒப்பிட்டபோது தன்னார்வலர்கள் பின்தங்கவில்லை. அபாயத்தை விசாரிப்பதிலும் பரிவிலும் முன்னே இருந்தார்கள். வேறுபாட்டை உண்டாக்கியது அனுபவம்: 140 மணி நேரத்துக்கு மேல் அழைப்புகளைக் கையாண்டவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. வெறுமனே ‘உம்’ கொட்டிக் கேட்பது மட்டும் பெரிதாக உதவவில்லை. பரிவோடு சேர்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று கூடி யோசித்ததே உதவியது. நல்ல மனம் தேவை, ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது. பழகப் பழகக் கைவரும் திறமை இது. மேற்பார்வை இல்லாமல் அது கைவராது.

மூன்றாவது ஆட்சேபம் அறிவியல் தரப்பிலிருந்தே வருகிறது: சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. சமாரிட்டன்ஸ் கிளை உள்ள நகரங்களில் தற்கொலை குறைந்ததாக 1968இல் ஓர் ஆய்வு சொன்னது. பத்தாண்டு கழித்து இன்னும் கவனமாக ஒப்பிட்டவர்களுக்கு அந்த வேறுபாடு தென்படவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1963இல் 5,714 ஆக இருந்த ஆண்டுத் தற்கொலைகள் 1975இல் 3,693 ஆகக் குறைந்ததற்கு முக்கியக் காரணம், சமையலறைக்கு வந்த நச்சு எரிவாயுவுக்குப் பதில் இயற்கை எரிவாயு வந்ததே. ஆஸ்திரேலியாவில் பலன் தந்த அஞ்சலட்டை விசாரிப்பு நியூசிலாந்தில் தெளிவான பலன் தரவில்லை. தீவிர மனநோய் உள்ளவர்களுக்குச் சகமனிதர் ஆதரவு பற்றிய 18 ஆய்வுகளை 2014இல் தொகுத்தபோது, நம்பிக்கையும் மீளும் உணர்வும் கூடினாலும் மருத்துவமனை சேர்க்கை குறைந்ததற்குப் போதிய சான்றில்லை. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. பலித்த முயற்சிகளையும் பலிக்காதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலத்தைத் தேர்ந்து, வரையறுத்த ஒரு வேலையோடு, ஒரு மனிதர் குரலாகவோ ஆளாகவோ திரும்பத் திரும்ப வந்த இடங்களில் பலன் துலக்கமாக இருக்கிறது. பொதுவான ‘ஆதரவு’ என்று தளர்வாக விட்ட இடங்களில் மங்கிவிடுகிறது. நச்சுப் பொருள்களைக் கைக்கெட்டாமல் செய்வது, வறுமையையும் வன்முறையையும் குறைப்பது போன்ற கொள்கை முடிவுகளின் வேலையைத் தன்னார்வலர் தலையில் ஏற்றவும் முடியாது.

கடைசி ஆட்சேபம் அரசியல் சார்ந்தது: தன்னார்வலரைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கைகழுவிவிடும். அப்படி நடக்க வாய்ப்பு உண்டு என்பதால்தான் நிபந்தனைகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். நிலைமை கைமீறினால் உடனே ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் பின்னால் இல்லாவிட்டால், தன்னார்வலரை அங்கே நிறுத்துவது இருவருக்கும் செய்யும் அநீதி. கேட்பவரும் மனிதர்தான். சமாரிட்டன்ஸ் தன்னார்வலர்கள் பணிநேரம் முடிந்ததும், கேட்டதையெல்லாம் ஒரு மூத்தவரிடம் சொல்லி இறக்கி வைத்துவிட்டே வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மூத்தவருக்கும், பயிற்சிக்கும், போக்குவரத்துக்கும் பணம் வேண்டும். மலிவு என்பது இலவசம் ஆகாது.

சட்டத்தில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவர் மீண்டும் அந்த முயற்சியில் இறங்காதிருக்கப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416, தமிழ்நாட்டின் 104, ஸ்நேகாவின் 044-24640050 ஆகியவை முதல் இடைவெளிக்கான ஏற்பாடுகள். தவிப்பில் இருப்பவரோ அவரைப் பற்றிக் கவலைப்படுபவரோ இப்போதே அழைக்கலாம். ஆனால், இவை பெரும்பாலும் அழைப்புக்குக் காத்திருப்பவை. இரண்டாவது இடைவெளிக்குத் தேவை, நம் பக்கத்திலிருந்து போகும் அழைப்பு. தற்கொலை முயற்சிக்குப் பின் அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், அவர் சம்மதித்தால், ஒரு பாதுகாப்புத் தாளும், 18 மாதங்களில் ஒன்பது முறை வந்து விசாரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் கிடைக்க வேண்டும். இதில் ஒன்பது முறை விசாரிப்பது, சென்னையையும் கொழும்பையும் சேர்த்துச் சோதித்துப் பார்த்த முறை. ஒன்றிரண்டு மாவட்டங்களில் தொடங்கி, இறப்புகளை நேர்மையாக எண்ணி, பலித்தால் விரிவாக்குவதுதான் அடுத்து செய்ய வேண்டியது.