சீனத் திறனாய்வில் புனைபெயர்

திறனாய்வாளர் தம் இயற்பெயரை மறைத்தெழுதுதல் சீன இலக்கிய வரலாற்றில் அரிதன்று. எழுதியவர் யாவர் எனக் கண்டறிவதோடு ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. அம்மறைவு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும் என்பது நம் கருத்து. சான்றுகள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

பழைய மரபில் புலவர் தம் படிப்பறைக்குப் பெயரிட்டு, அதனையே தம் பெயராகவும் வழங்கினர். 18ஆம் நூற்றாண்டில் எழுந்த 'சிவப்பு மாளிகைக் கனவு' என்னும் நெடுங்கதையின் கையெழுத்துப் படிகளில் குறிப்புரை வரைந்த 'ஜியென்ஜாய்' இவ்வகையினர். கதையாசிரியர் சாவ் சுவேசினை இவர் நெருங்கி அறிந்தவர் என்பது குறிப்புகளாற் புலனாகின்றது. எனினும், இவர் யாவர் என்பதில் அறிஞர் இன்றும் ஒருமைப்பட்டிலர்.

20ஆம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. ஜோ ஷூரென் 1918இல் 'லூ சுன்' என்னும் பெயரைப் பூண்டார். பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களில் எழுதினார். 1930இல் ஆளுங்கட்சியின் செஜியாங் மாநிலக் கிளை 'சீரழிந்த எழுத்தாளர்' எனப் பழித்து அவரைச் சிறைப்படுத்தக் கோரியது. அவரோ அவ்வசைச் சொல்லின் சீன எழுத்துக்களிற் சில உறுப்புக்களைக் களைந்து, 'சுயி லோவென்' எனத் தமக்கொரு பெயரே ஆக்கிக்கொண்டார். 1933இல் ஷாங்காயின் 'ஷென் பாவ்' நாளிதழில் அவர் கட்டுரைகள் தணிக்கைக்குத் தப்பும் பொருட்டுப் பல பெயர்களில் வெளிவந்தன. அவ்வாண்டில் தலைமறைவாயிருந்த பொதுவுடைமையர் சூ சியூபாய் எழுதிய கட்டுரைகள் சிலவும் லூ சுன்னின் புனைபெயர்களிலேயே அச்சேறி, அவர்தம் தொகுதிகளிலும் இடம்பெற்றன. லூ சுன்னின் கட்டுரைத் திரட்டுக்குச் சூ வரைந்த முன்னுரை 'ஹே நிங்' என்னும் பெயர் தாங்கிற்று. 1935இல் சூ சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரை மட்டும் நம்பி நடையை ஆராயப் புகுவோர், இருவர் எழுத்தை ஒருவர்மேல் ஏற்றி மயங்குவர்.

1970களிலோ புனைபெயர் நேர்மாறாகப் பயன்பட்டது. பீக்கிங், சிங்குவா பல்கலைக்கழகங்களைச் சார்ந்த எழுத்துக்குழு 'லியாங் சியாவ்' எனப் பெயர் கொண்டது. 'இரு கல்விக்கூடங்கள்' என்னும் பொருளுடைய சீனத்தொடரும் அவ்வாறே ஒலிக்கும். அரசின் பண்பாட்டுத் துறையைச் சார்ந்த குழு 'சூ லான்' எனக் கையொப்பமிட்டது. இப்பெயரில் 1974இல் 'மக்கள் நாளிதழ்' வெளியிட்ட கட்டுரை, ஷான்சி மாநில நாடகமொன்றனைக் கடுமையாகச் சாடிற்று. தனியொருவர் கருத்துப்போலத் தோன்றினும், அங்கே பேசியது ஆட்சியே, மறுத்துரைத்தல் எளிதாயில்லை.

லூ சுன்னின் பெயர்கள் எளியவரை ஆட்சியினின்று காத்தன. 'சூ லான்' என்னும் பெயரோ ஆட்சியைப் பொறுப்பினின்று காத்தது. ஆகலின், புனைபெயரை ஆராயப் புகும் நாம், பெயருக்கு உரியவரைத் தேடுவதோடு, அவர் நின்ற இடத்தையும் தேடுதல் வேண்டும். அப்போதுதான் சூ சியூபாய் போன்றோரின் எழுத்தை அவர்க்கே உரித்தாக்க இயலும். பழியையும் உரியவரிடத்தே சேர்க்க இயலும்.